கவுன்சில் வீட்டு வாடகை பிந்திப்போனா என்ன செய்யிறது? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில முக்கால்வாசி ஒரே விசயம்தான், கவுன்சில் வீட்டு வாடகை பிந்திப்போனது. அதால மற்றக் கேள்வியளை அடுத்த இதழுக்குத் தள்ளிப்போட்டு இதை மட்டும் எடுக்கிறன். நான் சொல்லுறது இங்கிலாந்தில கவுன்சிலின்ட, அதாவது உள்ளூராட்சி சபையின்ட, நேரடி வீட்டில இருக்கிற ஆக்களுக்கு. வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்துச் சட்டம் வேற, அங்க இருக்கிறவை அந்தந்த இடத்தில விசாரிக்கவேணும். பேர் போடவேண்டாம் எண்டு எல்லாரும் கேட்டபடியா ஊர்ப்பேர் மட்டும் போடுறம்.

கேள்வி: அக்கா, நாங்கள் ஒன்பது வருசமா கவுன்சில் வீட்டில இருக்கிறம், இதுவரைக்கும் ஒரு கிழமை வாடகை விட்டதில்லை. இவருக்கு வேர்ஹவுஸில முதல் ஷிஃப்ட்டைக் குறைச்சு, பிறகு வேலையே இல்லை எண்டிட்டாங்கள். யூனிவர்சல் கிரெடிட் எண்ட அரசாங்க உதவிக் காசுக்குப் போட்டிருக்கிறம், இன்னும் காசு வரேல்லை. வாடகை 1,140 பவுண் பிந்திட்டுது. போன கிழமை நோட்டீஸ் ஒஃப் சீக்கிங் பொசெஷன் எண்டு ஒரு கடிதம் வந்தது. மகன்தான் வாசிச்சவன், அவனுக்கு 13 வயசு, வாசிச்சிட்டு "அம்மா எங்களை எழுப்பப் போறாங்கள்" எண்டு ஒரே அழுகை. தாலிக்கொடியை அடைவு வைச்சுக் கட்டுவமோ எண்டு யோசிக்கிறன். சீட்டும் ஒண்டு போகுது, ரெண்டு கிரெடிட் கார்ட்டும் இருக்கு. நாலு கிழமையில வீட்டை விடவேணுமோ? (ஈஸ்ட்ஹாம்)

பதில்: இல்லைத் தங்கச்சி, நாலு கிழமையில உங்களை ஒருத்தரும் எழுப்பேலாது, முதல்ல அதை மகனுக்குச் சொல்லுங்கோ, அவன் நிம்மதியா நித்திரை கொள்ளட்டும். அந்தக் கடிதம் வீட்டை விட்டுப் போ எண்ட கட்டளை இல்லை, நாங்கள் கோட்டுக்குப் போகலாம் எண்டு கவுன்சில் தாற அறிவித்தல். அதில ஒரு திகதி போட்டிருக்கும், அந்தத் திகதிக்குப் பிறகு ஒரு வருசத்துக்குள்ள அவை கேஸ் போடலாம், நீங்கள் ஒழுங்கா நடந்துகொண்டா போடாமலே விடலாம், கன பேருக்கு அப்பிடித்தான் முடியுது.

ஒன்பது வருசம் எண்டபடியா உங்களுக்குப் பெரும்பாலும் செக்கியூர் டெனன்சி, அதாவது நிலையான வாடகை உரிமையாத்தான் இருக்கும், பேப்பரை எடுத்து ஒருக்காப் பாருங்கோ. 1985ம் ஆண்டு ஹவுசிங் அக்ட்படி செக்கியூர் டெனன்டை வாடகை பாக்கிக்காக எழுப்பிறதெண்டா பாக்கி இருக்கு எண்டு காட்டினா மட்டும் காணாது, இந்தக் குடும்பத்தை எழுப்புறது நியாயம்தானோ எண்டும் ஜட்ஜ் பாக்கவேணும். ஏன் பிந்தினது, இப்ப என்ன கட்டுறியள், பிள்ளையள் இருக்கினமோ, வருத்தக்காரர் இருக்கினமோ, எல்லாம் அதுக்குள்ள வரும். ஹவுசிங் அசோசியேஷன் வீட்டுக்காரர் இந்த இடத்தில கவனம், அவைக்கு கிரவுண்ட் 8 எண்டு வாடகை பாக்கிக்கு எழுப்பிற சட்டக் காரணம் ஒண்டு இருக்கு, அதைப் பாவிச்சு நிரூபிச்சா ஜட்ஜுக்கு இரக்கம் காட்ட இடமில்லை. அதேபோல கவுன்சில் வீட்டுக்கு வந்து முதல் வருசத்தில இருக்கிற ஆக்கள், இன்ட்ரொடக்டரி டெனன்சி எண்டு சொல்லுறது, அவைக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அப்பிடியான ஆக்களுக்கு நோட்டீஸ் வந்தா 14 நாளுக்குள்ள ரிவ்யூ, அதாவது முடிவைத் திரும்பப் பாக்கிறது, வேணும் எண்டு கவுன்சிலுக்கு எழுதவேணும், அந்த 14 நாளைத் தயவுசெய்து தவறவிடாதேங்கோ.

இப்ப உங்கட விசயத்துக்கு வாறன். கோட்டுக்குப் போக முதல் கவுன்சில் செய்யவேண்டிய வேலையள் கொஞ்சம் இருக்கு, ப்ரீ அக்ஷன் புரோட்டோகோல் எண்டு சொல்லுவினம். உங்களோட கதைக்கவேணும், உங்கட வருமானத்துக்குத் தாங்கக்கூடிய ஒரு தொகைக்குப் பேசித் தீர்க்கப் பாக்கவேணும், வாடகைக் கணக்கைத் தரவேணும். முக்கியமானது என்னெண்டா, யூனிவர்சல் கிரெடிட்டுக்குப் போட்டிட்டம், வீட்டுக் காசு வரும் எண்டு நம்பக் காரணம் இருக்கு எண்டு நீங்கள் ஆதாரம் குடுத்து, அதைவிட நீங்கள் கட்டவேண்டியதையும் கட்டிக்கொண்டு வந்தா, அந்த நேரம் அவை கேஸ் போடக்கூடாது. ஆகவே இண்டைக்கே ரென்ட் ஒபிசருக்கு ஒரு ஈமெயில் போடுங்கோ. யூனிவர்சல் கிரெடிட் எந்தத் திகதி போட்டது, இவருக்கு எந்தத் திகதி வேலை போனது, வீட்டில எத்தனை பேர், கிழமைக்கு எவ்வளவு பாக்கிக்குக் கட்டுவியள், அவ்வளவும் இருந்தாக் காணும். யூனிவர்சல் கிரெடிட்டின்ட ஒன்லைன் ஜேர்னலில வீட்டு வாடகை போட்ட பக்கத்தை ஒரு படமும் எடுத்து அதோட அனுப்புங்கோ. போனில கதைச்சாலும் கதைச்சதை ஈமெயிலில திருப்பி எழுதுங்கோ, நாளைக்கு கோட்டில கையில பிடிச்சுக் காட்டுறதுக்கு எழுத்துத்தான் இருக்கும்.

முதல் காசு வர சாதாரணமா அஞ்சு கிழமை செல்லும், அதுக்குள்ள சாப்பாட்டுக்கே வழியில்லாட்டி அட்வான்ஸ் கேக்கலாம். அது கடன்தான், 24 மாதத்துக்குள்ள பிறகு வாற காசில இருந்து கழிப்பினம், ஆகவே தேவைக்கு மேல எடுக்கவேண்டாம். வேலை போன உடனே விண்ணப்பம் போடப் பிந்தியிருந்தா, வருத்தம் மாதிரிச் சில காரணங்களுக்கு ஒரு மாதம் வரைக்கும் பின்னோக்கித் தருவினம், பொருந்துமெண்டாக் கேளுங்கோ.

பாக்கிக்கு எவ்வளவு சொல்லுறது எண்டதில கன பேர் பிழைவிடுகினம். பயத்தில மாதம் 200 தாறன் எண்டு சொல்லி ரெண்டு மாதம் கட்டி மூண்டாம் மாதம் விடுறதிலும் பாக்க, கிழமைக்கு 10 பவுண் எண்டு சொல்லி விடாமல் கட்டுறது எவ்வளவோ மேல். 1,140 பவுணுக்கு 114 கிழமை, ரெண்டு வருசத்துக்குக் கொஞ்சம் கூட, அது பரவாயில்லை, ஜட்ஜும் ஒழுங்கா வருதோ எண்டுதான் பாப்பார். வருமானம் செலவு ரெண்டையும் ஒரு தாளில எழுதி, மிஞ்சிறது எவ்வளவு எண்டு பாத்து அதுக்குள்ள சொல்லுங்கோ. அதோட அந்தக் கிழமை வாடகையும் சேத்துத்தான் கட்டவேணும், பாக்கிக்கு 10 பவுண் கட்டிப்போட்டு நடப்பு வாடகையை விட்டா பிரயோசனமில்லை.

தாலிக்கொடியை எடுக்காதேங்கோ. அடைவு வைச்சு மொத்தமாக் கட்டினாலும் வருமானம் திரும்பாட்டி அடுத்த மாதம் திரும்பப் பிந்தும், அப்ப கொடியும் இல்லை, மேல வட்டியும். சீட்டு விசயத்தை நான் கொஞ்சம் உறைப்பாத்தான் சொல்லப்போறன், குறைநினைக்காதேங்கோ. சீட்டுக்காரருக்கு முகம் குடுக்கேலாது எண்டு வாடகையை விட்டிட்டு சீட்டைக் கட்டுற குடும்பங்கள் எங்கட சனத்துக்குள்ள கனக்க. கிரெடிட் கார்ட் கொம்பனி கடிதம் மேல கடிதம் போடும், போன் எடுத்து வெருட்டும், ஆனா வாடகை பாக்கிக்கு கவுன்சில் எடுக்கிற மாதிரி அவையால வாடகை வீட்டில இருந்து உங்களை எழுப்பேலாது. ஆகவே வாடகை, கவுன்சில் டாக்ஸ், காஸ், கரண்ட் முதல், கார்ட்டும் சீட்டும் அதுக்குப் பிறகு. இன்னும் எடுக்காத சீட்டெண்டா நடத்துற ஆளோட கதைச்சு கழிவு கொஞ்சம் கூட விட்டெண்டாலும் எடுக்கேலுமோ எண்டு கேளுங்கோ. எடுத்த சீட்டெண்டா கட்டத்தான் வேணும், அவரிட்ட நிலைமையைச் சொல்லித் தவணை கேளுங்கோ, மனுசர்தானே.

கார்ட், வாடகை எல்லாம் சேந்து மூச்சு முட்டுதெண்டா பிரீதிங் ஸ்பேஸ் எண்டு ஒரு திட்டம் 2021 மே மாதத்தில இருந்து இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் இருக்கு. கடன் ஆலோசகர் ஒருத்தர் ஊடாத்தான் எடுக்கலாம். 60 நாளைக்கு வட்டி ஏறாது, கடன்காரர் நடவடிக்கை எடுக்கேலாது, வாடகை பாக்கியும் அதுக்குள்ள வரும். ஆனா அந்த 60 நாளும் நடப்பு வாடகை கட்டவேணும். நாஷனல் டெப்ட்லைன் 0808 808 4000, காசு எடுக்கமாட்டினம்.

கடைசியா மகன்ட விசயம். இதைக் கெஞ்சிக் கேக்கிறன், உந்தக் கடிதங்களைப் பிள்ளையளைக் கொண்டு வாசிப்பிக்காதேங்கோ. 13 வயசுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியும், பொசெஷன் நோட்டீஸ் எண்டா சட்டத்தில என்னெண்டு தெரியாது. அவன் வாசிக்கிறது வீடு போகப்போகுது எண்டுதான், அதை நெஞ்சில வைச்சுக்கொண்டு பள்ளிக்கூடம் போவான். கவுன்சிலுக்குப் போன் எடுத்து எனக்குத் தமிழ் இன்டர்பிரெட்டர் வேணும் எண்டு கேளுங்கோ. அந்த ஒரு வசனத்தைப் பாடமாக்கி வைச்சிருந்தாக் காணும்.

கேள்வி: நான் ஒவ்வொரு மாதமும் முதலாந்திகதி வாடகை கட்டுறன், ஒரு மாதமும் விட்டதில்லை, ஆனா ஸ்டேட்மென்டில நெடுக அரியர்ஸ் எண்டு காட்டுது. ரென்ட் ஒபிசரிட்டக் கேட்டா நான்தான் குறைச்சுக் கட்டுறன் எண்டு சொல்லுறா. எங்க பிழை? (ரூட்டிங்)

பதில்: நீங்கள் அனுப்பின ஸ்டேட்மென்டை வடிவாப் பாத்தன், பிழை ஒண்டில்லை, ரெண்டு.

கவுன்சில் வாடகை கிழமைக் கணக்கு, ஒவ்வொரு திங்களும் ஏறும். உங்கட வாடகை கிழமைக்கு 128 பவுண் 50. நீங்கள் மாதத்துக்கு நாலு கிழமை எண்டு நினைச்சு 514 பவுண் கட்டிக்கொண்டு வாறியள். வருசத்தில 52 கிழமை, அப்ப வருச வாடகை 6,682 பவுண், அதை 12ஆல பிரிச்சா மாதம் 556 பவுண் 83 பென்ஸ் வரும். நீங்கள் கட்டுறது மாதம் 42 பவுண் 83 குறைவு, ஒரு வருசத்தில 514 பவுண் பாக்கி, சரியா நாலு கிழமை வாடகை. நாணயமாக் கட்டிக்கொண்டு வந்து பாக்கிக்காரராகிறது இப்பிடித்தான், உங்களை நான் குறை சொல்லேல்லை, இந்தக் கணக்கை ஒருத்தரும் ஆக்களுக்கு விளங்கச் சொல்லுறதில்லை. சில கவுன்சிலில வருசத்தில நாலு கிழமை வாடகையில்லாமல் விட்டு 48 கிழமையில எடுப்பினம், அங்க கணக்கு வேற மாதிரி வரும், அதையும் கேட்டு வையுங்கோ. இன்னொண்டு, அஞ்சு திங்கள் வாற மாதத்தில 642 பவுண் 50 ஏறும், அந்த மாதம் சரியாக் கட்டினாலும் ஸ்டேட்மென்டில கொஞ்சம் பாக்கி மாதிரித் தெரியும், வருசக் கணக்கில அது சரியாயிடும், அதுக்குப் பயப்பிடவேண்டாம்.

ரெண்டாவது பிழை ஏப்ரல் மாதம். வாடகை ஒவ்வொரு ஏப்ரலும் கூடும். கவுன்சில் கூட்டக்கூடிய உச்ச அளவு 2025 ஏப்ரலில 2.7 வீதம், 2026 ஏப்ரலில 4.8 வீதம். 128 பவுண் 50க்கு 4.8 வீதம் எண்டா கிழமைக்கு 6 பவுண் 17, வருசத்துக்கு 320 பவுண் வரைக்கும். பாங்கில ஸ்டான்டிங் ஓடர் போட்ட ஆக்கள் அதை மாத்த மறந்தா தானா மாறாது. யூனிவர்சல் கிரெடிட் எடுக்கிற ஆக்கள் ஏப்ரலில ஜேர்னலில வீட்டு வாடகையை உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு டூ-டூ, அதாவது செய்யவேண்டிய வேலை, வரும், அதைச் செய்யாட்டி பழைய வாடகைக்குத்தான் காசு வரும். பழைய வாடகை உதவியான ஹவுசிங் பெனிபிட் எண்டா கவுன்சில் தானே மாத்தும், யூனிவர்சல் கிரெடிட்டில நீங்கள்தான் செய்யவேணும்.

கேள்வி: மூத்தவனுக்கு 22 வயசாகுது, படிப்பு முடிச்சு வேலைக்குப் போறான், எங்களோடதான் இருக்கிறான். அவன் இருக்கிறதுக்கெண்டு யூனிவர்சல் கிரெடிட்டில மாதாமாதம் காசு கழிக்கினம். அவனிட்டக் கேட்டா உங்கட பெனிபிட்டுக்கு நான் ஏன் காசு தரவேணும் எண்டு கேக்கிறான், வீட்டில ஒரே சண்டை. வாடகையும் மூண்டு மாதமாக் குறைஞ்சு போகுது. எனக்கு முதுகு வருத்தத்துக்கு பிப் எண்ட இயலாமைக் கொடுப்பனவு கிடைக்குது, அதில டெய்லி லிவிங் பகுதி, அவருக்கு ஒண்டுமில்லை. (ஹரோ)

பதில்: உங்கட கடைசி வரியிலதான் பதிலே இருக்கு அம்மா.

வளர்ந்த பிள்ளை 21 வயசு வந்தும் வீட்டில இருந்தா, அவரும் வாடகைக்கு ஏதோ தருவார் எண்டு அரசாங்கம் தானே கணக்குப்போட்டு, மாதம் 90 பவுணுக்கு மேல வீட்டுக் காசில கழிக்கும். பிள்ளை தந்தாலும் தராட்டியும் கழிக்கும். ஆனா விண்ணப்பம் போட்டவரோ சேந்து போட்ட துணையோ பிப் டெய்லி லிவிங் எடுத்தா அந்தக் கழிவு கிடையாது. வயசான ஆக்களுக்குப் பராமரிப்புக்குத் தாற அற்றென்டன்ஸ் அலவன்ஸ் எடுத்தாலும் அப்பிடித்தான். ஆகவே உங்களுக்கு இந்தக் காசு கழிச்சிருக்கவே கூடாது. ஜேர்னலில உங்கட பிப் கடிதத்தின்ட திகதியைப் போட்டு, இந்தக் கழிவு பிழை, மாண்டட்டரி ரிகன்சிடரேஷன் (முடிவைத் திரும்பப் பாக்கிறது) வேணும், கழிச்ச காசைத் திருப்பித் தாங்கோ எண்டு எழுதுங்கோ. முடிவு வந்து ஒரு மாதத்துக்குள்ள கேக்கிறதுதான் ஒழுங்கு, பிந்தினாலும் காரணம் சொல்லிக் கேக்கலாம். திரும்பி வாற காசை அப்பிடியே வாடகைக் கணக்கில போடுங்கோ.

பிப் இல்லாத வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையை இருத்தி அந்தக் கணக்குத் தாளைக் காட்டுங்கோ. எங்கட பிள்ளையளுக்கு வீட்டு வரவு செலவை நாங்கள் மறைச்சு வளக்கிறம், பிறகு 22 வயசில காசு கேக்கேக்க அவை திடுக்கிடுகினம். இந்த வீட்டுக்கு வாடகை இவ்வளவு, உனக்காக இவ்வளவு வெட்டுறாங்கள், நீ தராட்டி பாக்கி விழும், பாக்கி எங்கட பேரில விழும் எண்டு சொன்னாப் பெரும்பாலான பிள்ளையள் விளங்கிக்கொள்ளுங்கள். அதுக்காக வீட்டை விட்டுப் போ எண்டு அனுப்பவேண்டாம், பிள்ளை போய் அறை சும்மா கிடந்தா பெட்ரூம் டாக்ஸ் வரும். பென்ஷன் வயசு வராத ஆக்களுக்கு ஒரு அறை கூடினா வாடகை உதவியில 14 வீதம், ரெண்டு அல்லது அதுக்கு மேல கூடினா 25 வீதம் வெட்டுவினம்.

கேள்வி: சுவர் முழுக்கப் பூஞ்சணம், சின்னவளுக்கு இழுப்பு. எத்தனையோ தரம் சொல்லியும் ஒருத்தரும் வரேல்லை, அதால வாடகை கட்டுறதை நிப்பாட்டிட்டன். திருத்தினாத்தான் கட்டுவன். நான் செய்தது சரிதானே? (குரோய்டன்)

பதில்: உங்கட கோவம் நியாயம். செய்தது ஆபத்து. வாடகையை நிப்பாட்டினா கேஸ் உங்கட மேல திரும்பும், வீடு திருத்தாத கவுன்சில் கேக்கிற பக்கம், நீங்கள் பதில் சொல்லுற பக்கம் எண்டு ஆகிடும். ஏலுமானவரைக்கும் உடனே திரும்பக் கட்டத் தொடங்குங்கோ.

வீட்டைத் திருத்த வேற வழி இருக்கு, இப்ப முந்தியவிட பலமா இருக்கு. 2020 டிசம்பரில ரொச்டேலில அவாப் இஷாக் எண்ட ரெண்டு வயசுக் குழந்தை வீட்டுப் பூஞ்சணத்தால செத்தது. அந்தப் பிள்ளையின்ட பேரில வந்த அவாப் சட்டம் 2025 ஒக்டோபர் 27இல இருந்து கவுன்சிலுக்கும் ஹவுசிங் அசோசியேஷனுக்கும் நடைமுறைக்கு வந்திட்டுது. கடுமையான ஈரம், பூஞ்சணம் எண்டு அறிவிச்சா 10 வேலைநாளுக்குள்ள வந்து பாக்கவேணும், ஆபத்தெண்டு கண்டா அதுக்குப் பிறகு அஞ்சு வேலைநாளுக்குள்ள பாதுகாப்பாக்கவேணும், உயிராபத்து மாதிரி அவசரமெண்டா 24 மணித்தியாலம். நீங்கள் போனில சொன்னது காணாது, எழுத்தில போடுங்கோ, திகதி தெரியிற மாதிரிப் படம் எடுங்கோ, பிள்ளையின்ட இழுப்புக்கு ஜீபியிட்ட ஒரு கடிதம் எடுத்து அதோட சேருங்கோ. அப்பிடியும் அசையாட்டி கவுன்சிலுக்கு முறைப்பாடு, அதுக்குப் பிறகு வீட்டு முறைப்பாடுகளை விசாரிக்கிற ஹவுசிங் ஒம்புட்ஸ்மன். ஒருவேளை அவை பாக்கிக்குக் கேஸ் போட்டா, திருத்தாமல் விட்டதுக்கு நட்டஈடு எண்டு நீங்கள் எதிர்க்கேஸ் போடலாம், அந்தக் காசைப் பாக்கியில கழிக்கவும் கேக்கலாம். அதுக்கு லோயர் வேணும், கீழ கடைசிப் பதிலில சொல்லியிருக்கிறன்.

கேள்வி: அவர் எங்களை விட்டிட்டு வேற நாட்டுக்குப் போயிட்டார். வீடு அவற்ற பேரில மட்டும். வாடகை அவர் கட்டுறதில்லை. நான் கட்டப்போனா உங்கட பேர் இல்லை எண்டு கவுன்சிலில ஒருத்தர் சொல்லிப்போட்டார். ரெண்டு பிள்ளையளோட எங்க போறது? (வெம்பிளி)

பதில்: எங்கயும் போகவேண்டாம். நீங்கள் சட்டப்படி கலியாணம் கட்டினவை எண்டா, 1996ம் ஆண்டு ஃபமிலி லோ அக்ட்படி உங்களுக்கு அந்த வீட்டில இருக்கிற உரிமை இருக்கு. உங்கட கையால கட்டுற வாடகையும் அவர் கட்டின மாதிரித்தான் கவுன்சில் எடுக்கவேணும், நீங்கள் அங்க இருக்கிறது அவர் இருக்கிற மாதிரித்தான் கணக்கு. சட்டத்தின்ட பேரைச் சொல்லி எழுத்தில கேளுங்கோ.

யூனிவர்சல் கிரெடிட்டிலயும், வாடகைக்குப் பொறுப்பானவர் கட்டாமல் விட்டு, வீட்டில இருக்கிறதுக்கு நீங்கள் கட்டவேண்டி வந்தா, வீடு உங்கட பேரில இல்லாட்டியும் வீட்டுக் காசு கேக்கலாம். உங்கட விண்ணப்பத்தைத் தனி ஆளா மாத்திப்போடுங்கோ. வீட்டில பெரியவர் நீங்கள் ஒராள் எண்டபடியா கவுன்சில் டாக்ஸில 25 வீதக் கழிவும் இருக்கு, அதையும் விடாதேங்கோ. அவர் விட்ட பழைய பாக்கி உங்கட கடன் இல்லை, எண்டாலும் வீட்டைக் காப்பாத்த அதையும் சிறுகச் சிறுகக் கட்டவேண்டி வரும்.

ரெண்டு விசயத்தில அவசரம். அவர் எங்க இருந்தெண்டாலும் கவுன்சிலுக்கு நோட்டீஸ் எழுதி அந்த டெனன்சியை முடிக்கேலும், முடிச்சா உங்கட நிலைமை சிக்கல். அதோட டிவோர்ஸின்ட ஃபைனல் ஓடர் வந்தா நான் சொன்ன உரிமை முடிஞ்சிடும். ஆகவே அதுக்கு முதல் டெனன்சியை உங்கட பேருக்கு மாத்தக் கோட்டைக் கேக்கவேணும். குடும்ப வழக்குப் பாக்கிற ஒரு சொலிசிட்டரை இந்தக் கிழமையே பிடியுங்கோ, ஆறுதலாப் பாப்பம் எண்டு விடுற விசயமில்லை இது.

கேள்வி: மில்டன் கீன்ஸில ஒரு குடும்பத்தோட வீடு மாத்தச் சரிவந்திருக்கு. எனக்கு 300 பவுண் பாக்கி. விடுவினமோ? (இல்ஃபோர்ட்)

பதில்: பாக்கியைக் கட்டினாத்தான் மாத்தலாம் எண்டு கவுன்சில் நிபந்தனை போடலாம். 300 பவுண் எண்டபடியா கட்டி முடிச்சிட்டு, பூச்சியம் எண்டு காட்டுற ஸ்டேட்மென்டோட விண்ணப்பியுங்கோ.

கேள்வி: அம்மாவுக்கு 74, தனிய கவுன்சில் ஃபிளாட்டில இருக்கிறா. பென்ஷன் காசில வாடகை கட்டி ஏலாமல் பாக்கி விட்டிட்டா, எங்களுக்கும் சொல்லேல்லை. ஒரு உதவியும் கேட்டதில்லை, வெக்கமாம். (நியூ மோல்டன்)

பதில்: அம்மாவின்ட வயசுக்கு யூனிவர்சல் கிரெடிட் இல்லை, கவுன்சிலிட்ட ஹவுசிங் பெனிபிட் போடவேணும், அதோட குறைஞ்ச வருமானமுள்ள பென்ஷன்காரருக்குத் தாற பென்ஷன் கிரெடிட்டும். ரெண்டும் மூண்டு மாதம் வரைக்கும் பின்னோக்கி வரும், பாக்கியில ஒரு பெரிய பங்கு அதிலயே போகும். பென்ஷன் கிரெடிட்டில கரன்டி பகுதி, அதாவது குறைஞ்ச வருமானத்தை நிரப்புற பகுதி, கிடைச்சா சேமிப்பு எவ்வளவு எண்டு ஹவுசிங் பெனிபிட்டுக்குப் பாக்கமாட்டினம், அது கிடைக்காட்டி 16,000 பவுணுக்கு மேல சேமிப்பு இருந்தா ஹவுசிங் பெனிபிட் இல்லை. குளிக்க, உடுக்க உதவி தேவையெண்டா அற்றென்டன்ஸ் அலவன்ஸும் போடுங்கோ. பக்கத்தில இருந்து நீங்களே போனைப் போட்டுக் குடுங்கோ, தனிய விட்டா அம்மா கேக்கமாட்டா.

கேள்வி: கோட்டுக்கு நான் போகேல்லை, பயத்தில கடிதங்களை உடைக்கவுமில்லை. இப்ப வீட்டை எடுக்க கோட் அனுப்புற பெய்லிஃப் வாற திகதியும் நேரமும் போட்டுக் கடிதம் கதவில கிடக்கு. இனி ஒண்டும் செய்யேலாதோ? (லூயிஷம்)

பதில்: தம்பி, உங்கட கடிதம் கிடைச்ச அண்டைக்கே போனில சொல்லிப்போட்டன், இதே நிலைமையில இருக்கிற மற்ற ஆக்களுக்காக இங்கயும் எழுதுறன்.

செய்யேலும். பெய்லிஃப் வாறதுக்குக் குறைஞ்சது 14 நாளைக்கு முதல் அந்தக் கடிதம் தரவேணும், ஆகவே உங்களுக்கு நாள் இருக்கு. செக்கியூர் டெனன்டை வாடகை பாக்கிக்கு எழுப்புற கேஸில பெய்லிஃப் வந்து வீட்டை எடுக்கிற நிமிசம் வரைக்கும் அதை நிப்பாட்டிவைக்க ஜட்ஜுக்கு அதிகாரம் இருக்கு. அதுக்கு என்244 எண்டு ஒரு ஃபோம், கேஸ் நடந்த கவுன்டி கோட்டில குடுக்கவேணும். சின்னதா ஒரு கட்டணம் இருக்கு, வருமானம் குறைவெண்டா அதையும் விடச் சொல்லிக் கேக்கலாம். ஃபோமில ஏன் பிந்தினது, ஏன் முதல் விசாரணைக்கு வரேல்லை, இப்ப என்ன மாறியிருக்கு, கிழமைக்கு எவ்வளவு கட்டுவியள் எண்டு நேர்மையா எழுதுங்கோ. பயத்தில கடிதம் உடைக்கேல்லை எண்டா அப்பிடியே எழுதுங்கோ, டொக்டரிட்ட மனவருத்தத்துக்குப் போறனியள் எண்டு சொன்னனியள், அந்தக் கடிதத்தையும் வையுங்கோ. ஃபோம் குடுக்கிற அண்டைக்கே ஒரு கிழமை வாடகையும் பாக்கிக்குக் கொஞ்சமும் கட்டி ரசீதை இணைச்சா இன்னும் பலம்.

லோயருக்குக் காசில்லை எண்டு யோசிக்கவேண்டாம். 2023 ஓகஸ்ட்டில இருந்து ஹவுசிங் லொஸ் பிரிவென்ஷன் எண்டு ஒரு இலவச சட்ட உதவி இருக்கு, வீட்டை எடுக்கப்போறம் எண்டு எழுத்தில ஒரு கடிதம் வந்த நாளில இருந்து அதைக் கேக்கலாம், வருமானம் எவ்வளவு எண்டு கேக்கமாட்டினம். விசாரணை நாளில கோட்டிலயே ஒரு லோயர் இருப்பார், வாசலில பேரைக் குடுத்து டியூட்டி அட்வைசரைக் காணவேணும் எண்டு சொல்லுங்கோ, ஒரு மணித்தியாலம் முந்திப் போங்கோ. ஈஸ்ட்ஹாம் தங்கச்சியும் இதை இப்பவே பாவிக்கலாம், நோட்டீஸ் வந்ததே காணும். எங்க கேக்கிறது எண்டு தெரியாட்டி ஷெல்டருக்கு அடியுங்கோ, 0808 800 4444.

இன்னொண்டு, எப்பிடியும் எழுப்பப்போறாங்கள் தானே எண்டு சாமானைக் கட்டிக்கொண்டு சிநேகிதன்ட வீட்டுக்குப் போயிடாதேங்கோ. தானா விட்டுப் போனாலோ, கட்டக்கூடிய வாடகையைக் கட்டாமல் எழுப்பப்பட்டாலோ, வேணுமெண்டு வீடில்லாமல் ஆகினவர் எண்டு கவுன்சில் முடிவெடுக்கலாம், அப்பிடி எடுத்தா அதுக்குப் பிறகு நிரந்தர வீடு தரவேண்டிய கடமை அவைக்கு இல்லை. விசாரணை முடியும்வரைக்கும் வீட்டிலயே இருங்கோ. உடைக்காமல் கிடக்கிற கடிதங்கள் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு, ஃபோம் நிரப்ப வாற நாள் அப்பிடியே கொண்டுவாங்கோ, அதில கேஸ் நம்பர் எங்க எண்டு ரெண்டு பேருமா இருந்து தேடுவம்.